டால்பினும் மனிதனின் வேடிக்கையும்

மனிதன் தன் பொழுதுபோக்குக்காகப் பிராணிகளைப் பிடித்து அடைக்கும் வழக்கம் மிகப் பழமையானது. யானை, புலி, கரடி, குரங்கு ஆகியவை அரசர்களின் முற்றங்களிலும் வித்தைக்காரர்களின் கயிற்றிலும் நெடுங்காலம் வாழ்ந்து மடிந்தன. டால்பினின் கதையோ அண்மைக் காலத்தது. அது தொட்டிக்குள் வந்து சேர்ந்து ஒன்றரை நூற்றாண்டுக்குச் சற்று அதிகமே ஆகிறது. ஆயினும் அந்தக் குறுகிய காலத்திற்குள் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. டால்பினை அடைத்து வைத்த அதே தொட்டிகளிலிருந்துதான், அதை அடைத்து வைப்பது தகாது என்பதற்கான சான்றுகளும் கிடைத்தன. அந்த வரலாற்றைக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

டால்பின் மீன் வடிவம் உடையது. ஆனால் மீன் அன்று. நுரையீரலால் மூச்சு விட்டு, குட்டி ஈன்று, பாலூட்டி வளர்க்கும் பிராணி அது. நம் கடற்கரைப் பரதவர் அதனை ஓங்கல் என்பர். கூட்டமாக வாழ்வதும், நாள்தோறும் பல பத்துக் கிலோமீட்டர் தூரம் நீந்திச் செல்வதும் கடல் டால்பின்களின் இயல்பு. அதன் முகத்தைப் பார்ப்பவர்களுக்கு அது எப்பொழுதும் புன்னகை புரிவதுபோலத் தோன்றும். உண்மையில் அது தாடை எலும்பின் அமைப்பேயாகும். நோயுற்ற டால்பினும் அதே முகத்தைத்தான் காட்டும்; இறந்த டால்பினின் முகமும் அவ்வாறே இருக்கும். மாறாத இந்தத் தோற்றம் மனிதனை ஏமாற்றியதுபோல வேறு எந்தப் பிராணியின் முகமும் ஏமாற்றியதில்லை.

இந்தியாவில் டால்பினைப் பற்றிய அரசாணை ஒன்று இருபத்திரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே கல்லில் பொறிக்கப்பட்டது. அசோகச் சக்கரவர்த்தி முடிசூடி இருபத்தாறு ஆண்டுகள் ஆன காலத்தில் வெளியிட்ட ஐந்தாம் தூண் சாசனம், கொல்லத் தகாத உயிர்களின் பட்டியல் ஒன்றைத் தருகிறது. கிளி, மைனா, வௌவால், ஆமை முதலியவற்றோடு ‘கங்கா புபுடகம்’ என்ற பெயரும் அதில் வருகிறது. அது கங்கையாற்று டால்பினே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். அதே சாசனத்தின் இறுதியில் அரசர் மற்றொரு செய்தியையும் சேர்த்திருக்கிறார்: தம் ஆட்சியில் இருபத்தைந்து முறை சிறைப்பட்டோர் விடுவிக்கப்பட்டனர் என்பது அது. உயிர்களைக் கொல்லாமை, கட்டிலிருந்து விடுதலை ஆகிய இரண்டும் ஒரே கல்லில் அடுத்தடுத்து நிற்பது சிந்திக்கத்தக்கது.

இனி மேல்நாட்டுக்குச் செல்வோம். 1861ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் பி. டி. பார்னம் என்ற காட்சி வியாபாரி, டால்பினுக்கு நெருங்கிய இனமான வெள்ளைத் திமிங்கிலங்கள் இரண்டைத் தம் காட்சிச் சாலையில் கொண்டுவந்து வைத்தார். காண வந்த கூட்டம் பெரிது; திமிங்கிலங்களின் ஆயுளோ சில நாட்களே. அவை இறந்ததும் பார்னம் வேறு திமிங்கிலங்களைத் தருவித்தார். 1865ஆம் ஆண்டில் அச்சாலை தீப்பற்றி எரிந்தபோது, தொட்டியில் இருந்தவையும் தப்ப வழியின்றி மாண்டன. ஒன்று இறந்தால் இன்னொன்றைக் கடலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அன்று தோன்றி, அதன்பின் நெடுங்காலம் இத்தொழிலை நடத்தி வந்தது.

1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் ‘மரைன் ஸ்டூடியோஸ்’ என்ற பெரிய நீர்நிலையம் திறக்கப்பட்டது. நீருக்கடியில் சினிமாப் படம் எடுப்பதற்காக அது அமைக்கப்பட்டது. அதை நிறுவியவர்களுள் ஒருவர் இலியா டால்ஸ்டாய். அகிம்சையைப் போதித்து நம் காந்தியடிகளின் உள்ளத்தைக் கவர்ந்த ருஷ்ய ஞானி டால்ஸ்டாயின் பேரர். அங்கு டால்பின்களுக்கு உணவு கொடுக்கும் நேரமே மெல்ல மெல்ல ஒரு காட்சியாக மாறியது. மீனுக்காக எழும்பிக் குதித்த பிராணியை, வளையத்தின் ஊடே குதிக்கவும் மணி அடிக்கவும் பழக்கினர். 1963ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிளிப்பர்’ என்ற திரைப்படமும், 1964 முதல் 1967 வரை ஒளிபரப்பான அதே பெயருடைய தொலைக்காட்சித் தொடரும் டால்பினை வீட்டுக்கு வீடு அறிமுகம் செய்தன. பல நாடுகளில் புதிய தொட்டிகள் எழுந்தன.

இதே காலத்தில் அத்தொட்டிகளின் அருகே விஞ்ஞானிகளும் நின்றிருந்தனர். புளோரிடா நிலையத்தின் முதல் பொறுப்பாளரான ஆர்தர் மக்பிரைடு, கலங்கிய நீரில் இருட்டிலும் டால்பின்கள் வலையை உணர்ந்து விலகுவதைக் கண்டு 1947ஆம் ஆண்டில் குறித்து வைத்தார். 1960ஆம் ஆண்டளவில் கென்னத் நாரிஸ் என்ற அறிஞர் ஒரு டால்பினின் கண்களை ரப்பர் மூடியால் மறைத்துச் சோதித்தார். கண் மறைந்த நிலையிலும் அது தடைகளில் மோதாமல் நீந்தியது. தான் எழுப்பும் ஒலி பொருள்களில் பட்டு எதிரொலித்து வருவதைக் கேட்டே டால்பின் உலகை அறிகிறது என்பது இவ்வாறு தெளிவாயிற்று. ஒவ்வொரு டால்பினுக்கும் தனக்கே உரிய சீழ்க்கை ஒன்று உண்டென்பதும், அது ஏறக்குறைய ஒரு பெயரைப்போலப் பயன்படுகிறது என்பதும் பின்னர்த் தெரிய வந்தன. 2001ஆம் ஆண்டில் டயானா ரைஸ், லோரி மரீனோ என்ற இரு பெண் விஞ்ஞானிகள், நியூயார்க் நீர்க்காட்சிச் சாலையிலிருந்த இரு டால்பின்கள் கண்ணாடியில் தம் உருவத்தைத் தாமே அறிந்துகொள்கின்றன என்று நிறுவினர்.

இந்த அறிவெல்லாம் தொட்டி இருந்ததால்தானே கிடைத்தது என்று சிலர் கேட்பர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அறிவு என்ன சொல்கிறது என்பதையும் கேட்க வேண்டும். ஒலியால் உலகை அறியும் உயிருக்கு நாற்புறமும் சுவர் எழுப்பினால், எந்தப் பக்கம் குரல் கொடுத்தாலும் அருகிலுள்ள அச்சுவரே பதில் சொல்லும். பெயர் சொல்லி அழைக்கும் உயிரைக் கூட்டத்திலிருந்து பிரித்தால், அதன் அழைப்பைக் கேட்பார் இல்லை. தன்னைத் தான் அறியும் உயிர் அடைபட்டிருந்தால், தன் அடைப்பையும் அது ஒருவாறு அறியும் என்று கருத இடமுண்டு. மேற்கூறிய மரீனோ அம்மையார் பின்னர் அடைபட்ட டால்பின்களை வைத்து ஆராய்வதையே கைவிட்டார். அறிவு மனச்சாட்சியைத் தட்டி எழுப்பியதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

அவருக்கு முன்னரே பழக்குநர் ஒருவரின் மனம் மாறியிருந்தது. ‘பிளிப்பர்’ தொடருக்காக டால்பின்களைப் பழக்கிய ரிக் ஓபாரி என்பவர், 1970ஆம் ஆண்டில் தாம் பழக்கிய காத்தி என்ற டால்பின் தம் கைகளிலேயே உயிர் விட்டதைக் கண்டார். டால்பினின் ஒவ்வொரு மூச்சும் அதன் விருப்பத்தால் எடுக்கப்படுவது; காத்தி இனி மூச்சு வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டது என்பது அவருடைய நம்பிக்கை. அதைச் சோதித்து உறுதி செய்ய வழியில்லை. ஆனால் அதன்பின் தம் வாழ்நாளை டால்பின்களின் விடுதலைக்கே அவர் அளித்தார் என்பது உலகறிந்தது. சட்டங்களும் மெல்ல மாறின. பிரிட்டனில் கடைசி டால்பின் காட்சி நிலையம் 1993ஆம் ஆண்டில் மூடப்பட்டது. கனடா 2019ஆம் ஆண்டில், காட்சிக்காகத் திமிங்கிலங்களையும் டால்பின்களையும் புதிதாக அடைப்பதைச் சட்டத்தால் தடுத்தது.

நம் நாட்டின் சட்ட வரலாறு ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் பெயரோடு இணைந்தது. பரதக் கலைக்குப் புத்துயிர் அளித்த அவர், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது பிராணிகளின் துயர் தீர்க்கத் தனி மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அம்முயற்சியின் பயனாகவே 1960ஆம் ஆண்டில் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962ஆம் ஆண்டில் ஏற்பட்ட விலங்கு நல வாரியத்திற்கும் அவரே முதல் தலைவர். வித்தை காட்டும் பிராணிகளைப் பற்றி அச்சட்டத்தில் தனி அத்தியாயமே உண்டு. ஆயினும் டால்பினைப் பற்றி அன்று எவரும் எண்ணவில்லை. எண்ண வேண்டிய தேவையும் எழவில்லை.

அத்தேவை 1998ஆம் ஆண்டில் எழுந்தது. சென்னைக்கு அருகில் கடற்கரையோரமாக அமைந்த ஒரு கேளிக்கைப் பூங்காவிற்குப் பல்கேரியா நாட்டிலிருந்து டால்பின்கள் வரவழைக்கப்பட்டன. சில மாதங்களுக்குள் அவை அனைத்தும் இறந்தன. கூப்பிடு தூரத்தில் வங்கக் கடல் அலை வீசிக்கொண்டிருக்க, தொட்டி நீரில் அவற்றின் வாழ்வு முடிந்தது. பின்னர்க் கேரளம், மகாராஷ்டிரம் முதலிய மாநிலங்களில் இத்தகைய நிலையங்கள் அமைக்கும் யோசனைகள் எழுந்தபோது எதிர்ப்பும் வலுத்தது. 2013ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், மத்திய விலங்குக் காட்சிச்சாலை ஆணையம் மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. டால்பின் காட்சி நிலையங்களுக்கு இடம் தரலாகாது என்பது அதன் சாரம்.

அந்தச் சுற்றறிக்கையில் கவனிக்கத்தக்கது, அது காட்டிய காரணம். தொட்டி சிறியது, உணவு போதாது, மருத்துவர் இல்லை என்று அது குறை கூறி நிற்கவில்லை. அவ்வாறு கூறியிருந்தால், பெரிய தொட்டி கட்டிக்கொண்டு மறுபடியும் அனுமதி கேட்டிருப்பார்கள். டால்பின் முதலிய திமிங்கில இனங்கள் மிக்க அறிவும் நுண்ணுணர்வும் உடையவை. அவற்றை மனிதரல்லாத ‘நபர்கள்’ என்று கருதவேண்டும் என விஞ்ஞானிகள் சிலர் கூறுகின்றனர். ஆகவே கேளிக்கைக்காக அவற்றை அடைப்பது அறத்திற்கு ஒவ்வாது என்று அது எடுத்துரைத்தது. எவ்வளவு அன்பாக அடைக்கிறோம் என்ற கேள்வி நீங்கி, அடைக்கும் உரிமை நமக்கு உண்டா என்ற கேள்வி அங்கே எழுந்தது.

குழந்தைகள் டால்பினை நேரில் கண்டால்தானே அன்பு கொள்வர் என்பது மற்றொரு வாதம். வளையத்தில் குதிக்கும் டால்பினைக் கண்ட குழந்தை, பசித்த பிராணி மீனுக்காகச் செய்யும் வித்தையை அறியும், டால்பினை அறியாது. தொட்டியிலேயே பிறந்து கடலை அறியாதவற்றின் நிலை வேறு; அவற்றைத் திடீரெனக் கடலில் விடுவது கருணையாகாது. அவற்றைக் காலமெல்லாம் பேணிக் காப்பதும், மேலும் புதியவற்றை அடைக்காதிருப்பதுமே நேரிய வழி. இன்றும் வெளிநாடுகள் பலவற்றில் இக்காட்சிகள் நடைபெறுகின்றன. அங்கே சுற்றுலா செல்லும் நம்மவர் கொடுக்கும் நுழைவுக் கட்டணம் எதை வளர்க்கிறது என்பதை அவரவரே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இறுதியாக நம் ஆற்றைப் பற்றி ஒரு சொல். பெரும்பாலும் பார்வையற்றதாய், ஒலியையே கண்ணாகக் கொண்டு கலங்கல் நீரில் வாழும் கங்கை டால்பினை நம் அரசு 2009ஆம் ஆண்டில் தேசிய நீர்வாழ் உயிரினமாக ஏற்றது. பீகாரில் பாகல்பூர் அருகே 1991ஆம் ஆண்டிலேயே அதற்கெனச் சரணாலயம் ஒன்று அமைந்தது. 2025ஆம் ஆண்டில் வெளியான கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் உள்ள ஆற்று டால்பின்கள் 6,327. அவற்றைத் தொட்டியில் நாம் அடைக்கவில்லை; ஆனால் குறுக்கே எழுந்த அணைகளும் குறைந்துவரும் நீரும் மீன்வலைகளும் ஆற்றையே துண்டு துண்டாக்கி வருகின்றன. 1975ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய பராக்கா அணை, கங்கை டால்பின்களை மேல், கீழ் என இரு கூறாகப் பிரித்துவிட்டது. சுவர் கட்டி அடைப்பது தவறென்றால், வழியை மறித்து அடைப்பதும் நம் மனச்சாட்சியை உறுத்த வேண்டும். கொல்லாமையையும் கட்டறுத்தலையும் ஒரே கல்லில் எழுதி வைத்த நாட்டிற்கு, தொட்டியை மறுத்ததோடு கடமை முடிந்துவிடாது. ஆற்றையும் திறந்து வைப்பதே எஞ்சியிருக்கும் பணி.