விளையனூர் சு. இராமச்சந்திரன்

விளையனூர் சுப்பிரமணியன் இராமச்சந்திரன் (பிறப்பு: ஆகஸ்ட் 10, 1951) தமிழகத்தில் பிறந்த நரம்பியல் அறிஞர் ஆவார். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர். கை அல்லது காலை இழந்தவர்கள் அவ்வுறுப்பு இன்னும் இருப்பதாக உணரும் மாய உறுப்பு உணர்வு குறித்த இவரது ஆய்வுகள், உடலின் அசைவை மூளை எவ்வாறு ஆள்கிறது என்பதைப் புரிந்துகொள்ளப் புதிய வழி காட்டின.

வாழ்க்கைக் குறிப்பு

அரசியலமைப்பு வரைவுக் குழு உறுப்பினராக இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் இவருடைய பாட்டனார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்ற பின், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றார். தொடக்கக் கால ஆய்வுகள் பெரும்பாலும் கண் பார்வை பற்றியவை. 1983-இல் சான் டியேகோவில் சேர்ந்தார்.

மாய உறுப்பும் அசைவும்

கையை அசைக்க எண்ணும்போது மூளையின் முன் மடலில் உள்ள இயக்கப் புறணியிலிருந்து கட்டளை புறப்பட்டு, தண்டுவடம் வழியாகத் தசைகளை அடைகிறது. அதே கட்டளையின் நகல் ஒன்று சிறுமூளைக்கும் பக்கவாட்டு மடலுக்கும் செல்கிறது. கை சொன்னபடி அசைந்ததா என்பதைக் கண்ணும் மூட்டுகளும் தெரிவிக்க, மூளை இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை திருத்திக்கொள்கிறது. கையை வெட்டி நீக்கிய பின்னரும் கட்டளையும் நகலும் நின்றுவிடுவதில்லை. இல்லாத கை அசைவதாகப் பலர் உணர்வதற்கு இராமச்சந்திரன் கூறும் விளக்கம் இதுவே.

ஆனால் சிலரது மாயக் கை அசைவதே இல்லை. விரல்கள் உள்ளங்கையில் நகம் பதிய இறுகி மூடியிருப்பதாக உணர்ந்து, அவர்கள் கடும் வலிக்கு ஆளாகின்றனர். இல்லாத கையை விரித்துவிட முடியாது, வலியோ உண்மையானது. இவர்களுள் பலருக்கு, கையை இழக்கும் முன்பே நரம்பு அறுபட்டு அக்கை செயலற்றுக் கிடந்திருந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் 'அசையவில்லை' என்ற மறுமொழியே வந்ததால், மூளை செயலின்மையைக் கற்றுக்கொண்டது என்று இவர் கருதினார்.

அக்கருத்தைச் சோதிக்க இவர் செய்த கருவி மிக எளியது. மேல்மூடி இல்லாத ஓர் அட்டைப்பெட்டியின் நடுவே கண்ணாடி ஒன்று செங்குத்தாக நிறுத்தப்படும். நோயாளி நல்ல கையை ஒரு துளை வழியே நுழைத்துக் கண்ணாடியைப் பார்த்தால், இழந்த கை இருந்த இடத்தில் அதன் பிம்பம் தெரியும். இரு கைகளையும் ஒருசேர அசைக்க முயலும்போது மாயக் கையும் அசைவதாகக் கண் கூறுகிறது. மோட்டார் சைக்கிள் விபத்தால் கையை இழந்து, பத்தாண்டுகளாக அசையா மாயக் கையுடன் வாழ்ந்த ஒருவர் அது அசைவதை அப்போது உணர்ந்தார். பெட்டியை வீட்டிற்குக் கொண்டுசென்று சில வாரங்கள் பழகியபின், அவரது மாயக் கை சுருங்கி, விரல்கள் மட்டும் தோளில் எஞ்சின. இவ்வாய்வுகள் மனைவி டயான் ரோஜர்ஸ் இராமச்சந்திரனுடன் இணைந்து 1995, 1996 ஆம் ஆண்டுகளில் வெளியிடப்பட்டன.

பயனும் ஐயங்களும்

ஒருவர் இருவரின் அனுபவம் மருத்துவச் சான்றாகாது. 2007-இல் அமெரிக்கப் படைவீரர்களிடம் நடந்த சோதனையில், கண்ணாடியைப் பயன்படுத்திய குழுவில் இருந்த ஆறு பேருக்கும் நான்கு வாரங்களில் வலி குறைந்தது. கண்ணாடியைத் துணியால் மூடிய குழுவில் ஒருவருக்கே குறைந்தது. எண்ணிக்கை மிகச் சிறிது என்பது கவனிக்கத்தக்கது. பின்வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. பக்கவாதத்தால் செயலிழந்த கைக்கு அளிக்கும் பயிற்சியில் கண்ணாடி முறைக்குச் சான்றுகள் சற்று வலுவானவை.

கை நீக்கப்பட்டதும் மூளைப் புறணியில் அக்கைக்குரிய பகுதியை முகத்திற்குரிய பகுதி ஆக்கிரமிக்கிறது என்ற இவரது மற்றொரு கருத்தும் இன்று கேள்விக்குள்ளாகியுள்ளது. மூவரைக் கை நீக்கத்திற்கு முன்னும் பின்னும் மூளைப் படம் எடுத்து ஆராய்ந்த குழு, கைக்குரிய வரைபடம் பெரிதும் மாறாதிருப்பதாக 2025-இல் அறிவித்தது. கட்டளை நிற்பதில்லை என்ற விளக்கத்திற்கு இம்முடிவு முரணன்று; ஒருவகையில் துணையே எனலாம். பிறர் செயலைக் காணும்போதும் தூண்டப்படும் ஆடி நரம்பணுக்கள் குறித்து இவர் கொண்டிருந்த பெரும் எதிர்பார்ப்பு மிகைப்பட்டது எனவும் விமர்சிக்கப்பட்டது.

2003-இல் பிபிசி வானொலியின் ரீத் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். 2007-இல் இந்திய அரசு இவருக்குப் பத்ம பூஷண் விருது வழங்கியது.