வறட்சி நிதிக்கு ஒரு யமுனை

மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசில் எலும்பும் தோலுமாக ஒற்றைக்காலில் நிற்கிற தவசியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நடனக் கலைஞர் சந்திரலேகா ஞாபகம்தான். நகை இல்லை, பாவனை இல்லை, உடம்பு மட்டும்.

1952இல் அவருடைய அரங்கேற்றம், ராயலசீமா வறட்சி நிதிக்காக நடந்தது. காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையின் மாணவி. 'மதுரா நகரிலோ' பாட்டுக்கு யமுனையில் நீர் விளையாடுவதாக அபிநயம் பிடிக்கிறார். நடுவிலேயே, வெடித்துக் கிடக்கும் நிலம் மனசுக்குள் வந்துவிட்டது. தண்ணீரில்லாமல் தவிக்கிறவர்களுக்காக இப்படியா ஆடுவது?

அவருடைய எளிமையை 'மினிமலிசம்' என்று சொல்லிவிடலாம்தான். எனக்கென்னவோ அது இந்தக் கூச்சத்தில் தொடங்கியதாகவே படுகிறது. பல வருஷம் மேடையிலிருந்து பெரும்பாலும் விலகியிருந்தார். 1985இல் 'அங்கிகா'வோடு திரும்பியபோது பரதத்தோடு களரியும் யோகமும் சேர்ந்திருந்தன. தெய்வக் கதைகள் போயிருந்தன. 1989இல் 'லீலாவதி': பாஸ்கரரின் கணக்குகளையே ஆட வைத்தார். கோடு எழுதிப் பிழைக்கிற எனக்கு அதில் தனி குஷி.