சாக்கெட் இடைமுகம்: தரநிலையும் இயங்குதள வழக்கும்

பிணைய நிரல்களுக்கு அடிப்படையான சாக்கெட் இடைமுகம், பெர்க்லி வளாகத்திலிருந்து 1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி இயங்குதளத்தின்வழிப் பரவியது. தரநிலை பின்னரே எழுந்தது. வழக்கிலிருந்து இலக்கணம் காண்பது தமிழ் மரபு நன்கறிந்த முறை. போசிக்ஸ் வரைவாளர்கள் ஓரிடத்தில் அம்முறையிலிருந்து விலகினர்.

வரும் இணைப்பை ஏற்கும் 'அக்செப்ட்' அழைப்பின் மூன்றாம் அளபுரு, முகவரியின் நீளம் பதிந்துள்ள இடத்தைச் சுட்டுவது. பெர்க்லி வழக்கில் அந்நீளம் 'இண்ட்' வகையினது. போசிக்ஸ் 1ஜி வரைவு அதனைச் 'சைஸ்_டி' என மாற்ற முனைந்தது. 32 பிட் கணினிகளில் இரண்டும் 4 பைட்டுகளே. ஆதலின் வேறுபாடு புலப்படவில்லை. 64 பிட் யூனிக்ஸ் கணினிகளிலோ பின்னது 8 பைட்டாகிறது. பழைய நிரல் ஒதுக்கிய 4 பைட்டு இடத்தில் 8 பைட்டு எழுதப்படின் அண்டை நினைவகம் சிதையும். மரை பொருந்தாத குழாயில் நீர் கசிவதைத் துடியலூர்ப் பம்புப் பட்டறையில் எவரும் கண்ணால் காண்பர். இப்பிழையோ ஓசையின்றி நிகழ்வது. லைனஸ் டோர்வால்ட்ஸ் இம்மாற்றத்தைக் கடுமையாகச் சாடினார். அச்சாடல் நியாயமானதே. இறுதியில் 'சாக்லென்_டி' என்னும் புதுப்பெயர் படைக்கப்பட்டது. குறைந்தது 32 பிட் அகலமுடைய எண்வகை என்பதே அதற்குரிய விதி. பெயர் புதிதாயினும் லினக்சில் அதன் அளவு பழைய 4 பைட்டுகளே.

மற்றொரு வேறுபாடு இன்றும் தீரவில்லை. செவிமடுக்கும் சாக்கெட்டின் காத்திராப் பண்பைப் புதிய சாக்கெட்டு பிஎஸ்டியில் மரபுரிமையாகப் பெறும், லினக்சில் பெறாது. அப்பண்பை வெளிப்படையாகக் கேட்டுப்பெற உதவும் 'அக்செப்ட்4' அழைப்பு 2008-இல் லினக்சில் சேர்ந்தது; போசிக்ஸ் அதனை 2024-இல் ஏற்றது.