காற்று எங்கே இருக்கிறது?

காற்றின் அருமை தூத்துக்குடிக்குத் தெரியும். 1961-இல் கடைசி முத்துக்குளிப்பு நடந்த வரையில், இங்கே மனிதர்கள் ஒரே மூச்சை அடக்கிக்கொண்டு கடலடியில் சிப்பி அள்ளினார்கள். டீசல் எஞ்சினும் காற்றை நம்பிப் பிழைப்பதுதான்.

ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டியிருக்கவில்லை. காற்றை இறுக அழுத்தினால் அது தகிக்கும்; அதில் எண்ணெயைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். 1936-இல் மெர்ஸிடிஸ் அதைக் காரில் வைத்தது. பிற்பாடு நம் அம்பாஸிடருக்கும் வந்தது.

அப்படிப்பட்ட வாடகைக் கார் ஒன்றுதான் என் நண்பரின் பிழைப்பு. ஒரு நாள் அது விக்கி விக்கி நின்றது. "எஞ்சினைப் பிரிக்க வேண்டும்" என்றார்கள். நண்பர் கலங்கிப் போனார்.

பாய்மரத் தோணிகளில் எஞ்சின் ஏறிய காலத்தில் அவற்றைக் கவனித்த பெரியவர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம். அவர் முதலில் புகையைப் பார்த்தார். "கறுப்பென்றால் காற்று போதவில்லை, ஏர் பில்டரைப் பாருங்கள். நீலமென்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளையென்றால் டீசல் சரியாக எரியவில்லை" என்றார். பிறகு டீசல் பில்டரின் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினார். நுரை நுரையாக வந்தது. குழாயில் காற்று! நுரை நின்றதும் திருகை இறுக்கி, காற்று புகுந்த தளர்ந்த இணைப்பையும் முடுக்கினார். எஞ்சின் சீராக ஓடியது.

சிலிண்டரில் காற்று குறைந்தாலும் தொல்லை. டீசல் குழாயில் புகுந்தாலும் தொல்லை. எஞ்சினைப் பிரிக்குமுன் இதைப் பார்த்துவிடுவது நல்லது அல்லவா?