கண்ணகி கதைக்கு மட்டக்களப்பு மக்கள் கூறிய தீர்ப்பு

ஒரு நூலைப் படித்தவர்கள் அதனைப் பற்றி என்ன கருதினார்கள் என்பதை அறிவதற்கு இக்காலத்தில் வழிகள் பல உள. பத்திரிகைகளில் மதிப்புரைகள் வருகின்றன. வாசகர் கடிதங்கள் வருகின்றன. நூல் வெளியீட்டு விழாக்களில் அறிஞர் ஒருவர் புகழ, மற்றொருவர் குறை காண்கின்றார். ஆனால், அச்சியந்திரம் இந்நாட்டுக்கு வருமுன்னர், ஏட்டுச் சுவடியை ஒருவர் படிக்க ஊர் முழுவதும் கூடியிருந்து கேட்ட காலத்தில், கேட்டவர்களுடைய கருத்து எங்கே பதிந்தது? அவர்கள் எழுதிவைத்தாரில்லர். எனினும் கருத்து இல்லாமற் போகவில்லை. கதைக்கு அவர்கள் இட்ட பெயரிலும், கதைமாந்தருள் யார் பக்கம் நின்றார்கள் என்பதிலும், கதையை எவ்விடத்திற் கொண்டுபோய் முடித்தார்கள் என்பதிலும் அக்கருத்து இன்றும் காணக்கிடக்கின்றது. இவ்வுண்மையை மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வழங்கிவரும் கண்ணகி கதையைக் கொண்டு ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

வரலாறும் தெய்விகமும் விரவிய கதைகளில் இளையோருக்கு எக்காலத்திலும் விருப்பம் மிகுதி. கண்ணகி கதை அத்தகையது. சேரன் செங்குட்டுவன் கோயில் எடுக்கின்றான். இலங்கை வேந்தன் கயவாகு அவ்விழாவுக்கு வந்து நிற்கின்றான். இது வரலாற்றின் சாயல். ஒருத்தியின் சினத்தால் ஒரு மாநகரம் எரிகின்றது, இது தெய்விகம். இவற்றுக்கு நடுவே வாழ்பவர்களோ மிக இளையவர்கள். மணவினையின்போது கண்ணகிக்குப் பன்னிரண்டு வயது, கோவலனுக்குப் பதினாறு வயது என்று இளங்கோவடிகளே கணக்குக் கூறுகின்றார். ஆகவே, இஃது இளையோரைப் பற்றிய கதை. மட்டக்களப்பில் இளையோர் ஆண்டுதோறும் கேட்டு வளர்ந்த கதையும் ஆகும்.

இக்கதையைப் பற்றிய முதற் கருத்து சிலப்பதிகாரத்துக்குள்ளேயே இருக்கின்றது. வேங்கை மரநிழலில் நின்ற கண்ணகியைக் கோவலனோடு விண்ணுலகு செல்லக் கண்ட குன்றக்குறவர், அரசன் ஆணையை எதிர்பாராமல், அவளைத் தெய்வமெனக் கொண்டு குரவையாடினர். பின்னரே செய்தி செங்குட்டுவனுக்கு எட்டியது. கணவனோடு உயிர்நீத்த பாண்டிமாதேவியோ, வழக்குரைத்து நீதி பெற்ற கண்ணகியோ, இவருள் வியக்கத்தக்கவர் யார் என்று அரசன் தன் தேவியை வினவினான். பாண்டிமாதேவி வானுலகிற் சிறப்புறுக. நம் நாடு தேடி வந்த இப்பத்தினியை நாம் வழிபடுதல் வேண்டும் என்று அவள் விடை பகர்ந்தாள். இங்கே அரசன் கேட்ட வினா ஒரு கதையைக் கேட்டவர் முன் வைக்கத்தக்க வினாவே. தேவி கூறியதும் கேட்டவரின் தீர்ப்பே. அத்தீர்ப்புக்கும் முந்தியது மலைவாழ் மக்களின் தீர்ப்பு என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, மட்டக்களப்புக்கு வருவோம். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும், மேல்கரையை படுவான்கரை என்றும் மக்கள் அழைப்பர். இவ்விரு கரைகளிலும், தெற்கே அம்பாறை மாவட்டத்துக் கடலோரத்திலும், கண்ணகியம்மன் கோயில்கள் பல உள. வந்தாறுமூலை, செட்டிபாளையம், மகிழூர், கல்லாறு, காரைதீவு, தம்பிலுவில் என்பன அவற்றுட் சில. இவற்றுள் பலவற்றில் ஆண்டின் பெரும்பகுதி கதவு அடைத்தே இருக்கும். வைகாசித் திங்களிலே கதவு திறந்து சடங்கு நிகழும். கலியாணக்கால் நாட்டுவர், கதையைப் பாடுவர், ஈற்றிலே திருக்குளிர்ச்சி நடைபெறும். இக்காலத்திற் பாடப்படும் நூலே கண்ணகி வழக்குரை.

முதலாவதாக, இந்நூலின் பெயரை நோக்குவோம். இளங்கோவடிகள் தம் காப்பியத்துக்குச் சிலம்பினாற் பெயரிட்டார். யாழ்ப்பாணத்தில் இக்கதை கோவலனார் கதை என்று வழங்கிற்று. அங்கே நாயகன் முன்னிற்கின்றான். வற்றாப்பளைக் கண்ணகியை வழிபடும் வன்னி நாட்டில் அது சிலம்பு கூறல் எனப்பட்டது. அங்கே சிலம்பே பேசுகின்றது. மட்டக்களப்பாரோ கண்ணகி வழக்குரை என்றனர். பிறப்பு, மணம், பிரிவு, கொலை, எரி என்று விரியும் நெடுங்கதையிலிருந்து, ஒரு பெண் அரசவையிலே தனியளாய் நின்று தன் வழக்கை எடுத்துரைத்த அந்த ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்து, அதனையே நூல் முழுவதற்கும் பெயராக வைத்தனர். இக்கதையில் யாது பெரிது என்ற வினாவுக்கு இதனினும் தெளிவான விடை வேறு வேண்டுமோ?

இவ்விடை மட்டக்களப்பில் எழுந்தது வியப்பன்று. இப்பகுதியின் பழைய சமுதாய அமைப்பில் குடிவழி தாய் வழியாகவே கணிக்கப்படும். மணமகன் மணமகளின் இல்லம் சென்று வாழ்வதே பெருவழக்கு. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகச் செல்லும். முற்காலத்தில் இந்நாட்டுக்கெனத் தனி வழமைச் சட்டமும் இருந்தது. முக்குவர் சட்டம் என்னும் அதனைக் கிறிஸ்தோபர் பிறிற்றோ என்பார் 1876ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெண்ணே இல்லத்தின் உரிமையாளராய் விளங்கும் ஊரிலே, தன் சிலம்பை இழந்து, கணவனை இழந்து, நீதி கேட்டு நிற்கும் ஒருத்தியின் குரல் ஏனைய குரல்களினும் உரக்கக் கேட்டிருத்தல் இயல்பே.

கதையின் உள்ளேயும் கேட்போரின் விருப்பம் புகுந்து வேலை செய்திருக்கின்றது. சிலப்பதிகாரத்துக் கண்ணகி மாநாய்கன் மகளாய்ப் பிறந்த மானிடப்பெண். துயரமே அவளைத் தெய்வமாக்குகின்றது. வழக்குரைக் கண்ணகியோ பிறக்கும்போதே தெய்வம். நெற்றிக்கண் கொண்டு செருக்குற்ற பாண்டியனை அடக்கவென்று மாங்கனியாய் அவன் சோலையில் தோன்றுகின்றாள். பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டுப் புகார் நகர்க் கரையை அடைந்து வணிகர் மனையில் வளர்கின்றாள். அவள் காற்சிலம்புக்கு நாகமணி வேண்டி மீகாமன் மரக்கலம் ஏறிக் கடலோடுகின்றான். வழியில் வெடியரசன் என்னும் கரையோர மன்னனோடும் அவன் தம்பியரோடும் பொருகின்றான். காப்பியத்தில் இல்லாத இக்கடற்பயணமும் போரும் வழக்குரையிலே விரிந்து கிடக்கின்றன. கடலையும் தோணியையும் நம்பி வாழ்ந்த மக்கள், தமக்குத் தெரிந்த கடலை அக்கதைக்குள் கொண்டுவந்தனர். இராக்காலத்தில் கோயில் முன்றிலிற் கூடியிருந்த சிறுவருக்கு இப்பகுதி எத்துணைச் சுவையாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

இரண்டாவதாக, அவர்கள் யார் பக்கம் நின்றார்கள் என்பதை நோக்குவோம். இதற்குச் சான்று கொம்புமுறி விளையாட்டு. ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரியார் கோவலன் பக்கம். தென்சேரியார் கண்ணகி பக்கம். வைரம் பாய்ந்த வளைந்த கொம்புகள் இரண்டினை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பிணைத்து, இரு பக்கத்தாரும் இழுப்பர். எவருடைய கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவர். வென்றவர் தோற்றவரை வசைபாடி ஊர்வலம் வருவர். இதன் தோற்றம் பற்றி ஒரு கதை உண்டு. கோவலனும் கண்ணகியும் இளமையில் செண்பகப்பூக் கொய்யச் சென்றபோது, இருவர் கொக்கத்தடிகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. அவற்றை விடுவிக்க இழுத்த இழுவையே விளையாட்டாயிற்று என்பர். மழை வேண்டியும் நோய் நீங்க வேண்டியும் இதனை ஆடினர்.

சிங்கள மக்களிடையேயும் இவ்விளையாட்டு உண்டு. அவர்கள் பத்தினித் தெய்வத்தை முன்னிட்டு அங்கெலிய என்னும் பெயரால் அதனை ஆடினர். அங்கும் ஒரு பக்கம் கணவனுக்கு, ஒரு பக்கம் பத்தினிக்கு. பேராசிரியர் கணநாத் ஒபேசேகர 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் இவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார். மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட இரு மக்கள் ஒரே கதையைக் கேட்டு, ஒரே வகையாகப் பக்கம் பிரிந்து நின்றனர் என்பது நாம் சிந்திக்கத்தக்கது.

கோவலன் பிழை செய்தவன் அன்றோ, அவனுக்கும் ஒரு பக்கமா என்று சிலர் வினவக்கூடும். ஆம், அவனுக்கும் ஒரு பக்கம் வேண்டும். எதிர்ப்பக்கம் இல்லையேல் வழக்கு இல்லை. கோவலனுக்காகவும் ஊரிற் பாதி கயிறு பிடிக்க வேண்டும் என்று வைத்தமையால், மட்டக்களப்பார் அவனை முற்றாகத் தள்ளிவிடவில்லை என்பது பெறப்படுகின்றது. இளைஞன் ஒருவன் தவறும்போது அவனை ஊர் எவ்வாறு நோக்கவேண்டும் என்பதற்கும் இது பாடமாகும்.

மூன்றாவதாக, கதையின் முடிவை நோக்குவோம். மதுரை எரிந்ததோடு கதையை விட்டுவிட இம்மக்களுக்கு மனம் ஒப்பவில்லை. கண்ணகியின் சினம் நியாயமானது. ஆனால் அச்சினம் தணியாதிருப்பின் ஊர் தாங்காது. வெம்மையே அம்மை நோயும் வறட்சியும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆதலின் வழக்குரையின் ஈற்றிலே குளிர்ச்சிக் காதை வந்தது. சடங்கின் ஈற்றிலும் குளிர்ச்சிப் பாடல் பாடி, மஞ்சள் நீரும் வேப்பிலையும் கொண்டு அன்னையைக் குளிர்விக்கின்றனர். இதனைப் பேச்சு வழக்கில் குளுத்தி என்பர். அரசியல் பிழைத்தோர்க்கு அறமே கூற்றமாகும் என்பதை நிறுவிய காப்பியத்தின்மேல், நீதி கிடைத்தபின் சினம் ஆறவும் வேண்டும் என்ற தம் கருத்தை மட்டக்களப்பார் ஏற்றிவைத்தனர். சினம் தவறென்று அவர்கள் கூறவில்லை. வழக்கு முதலிற் கேட்கப்படவேண்டும். அதன் பின்னரே குளிர்ச்சி. இம்முறைமை மாறவே இல்லை.

இக்கதையைப் பற்றி வேறு கருத்துக்களும் எழாமல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் சைவத்தை வளர்த்த ஆறுமுக நாவலர், ஆகமநெறிக்கு இயையாததென்று கண்ணகி வழிபாட்டைக் கண்டித்தார். சமணச் சார்புடைய காப்பியத்தின் வணிகமகள் ஒருத்தியைச் சைவர் வழிபடுதல் தகாது என்பது அவர் கொள்கை. யாழ்ப்பாணத்தில் கண்ணகி கோயில்கள் பல காலப்போக்கில் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி முதலான பெயர்களை ஏற்றன. நாவலர் கருத்து ஒரு சமயவாதியின் கருத்து. அதற்குரிய காரணமும் அவரிடத்தில் இருந்தது. ஆனால் வாவிக்கரை மக்கள் கண்ணகி என்ற பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. தாம் கேட்ட கதையின்மீது அவர்கள் கொண்ட பற்று அத்துணை உறுதியானது.

இப்பற்று தமிழுலகுக்குத் தந்த பயன் பெரிது. சிலப்பதிகாரத்தை உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டிற் பதிப்பித்தார். அவ்வாண்டிலேயே காரைதீவிற் பிறந்த மயில்வாகனன் என்னும் குழந்தை, பின்னாளில் சுவாமி விபுலாநந்தர் ஆயிற்று. கண்ணகி கோயிலை உடைய ஊரில் வளர்ந்த அடிகள், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் இசைச் செய்திகளை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டில் யாழ்நூலை அரங்கேற்றினார், அவ்வாண்டிலேயே மறைந்தார். ஏடுகளில் இருந்த வழக்குரையைப் பண்டிதர் வி. சீ. கந்தையா பதிப்பிக்க, 1968ஆம் ஆண்டில் அது நூலாக வெளிவந்தது. சென்னைக் கடற்கரையில் கண்ணகிக்குச் சிலை நாட்டியதும் அதே 1968ஆம் ஆண்டிலேயாம்.

நேயர்களே, நூல் அச்சேறிவிட்டது. இனி அழிவில்லை என்று நாம் அமைந்திருத்தல் கூடுமோ? 1978ஆம் ஆண்டுச் சூறாவளி, 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போர், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை ஆகிய மூன்றையும் கண்ட நிலம் இது. இவற்றின் பின்னரும் வைகாசியிலே கதவு திறக்கின்றது, குளிர்ச்சி நடக்கின்றது. ஆனால், கொம்புமுறி பல ஊர்களில் அருகிவிட்டது. வழக்குரையை அதற்குரிய இசையோடு பாட வல்லவர் முதியவராய் இருக்க, கற்க முன்வரும் இளையோர் சிலரே. பள்ளி மாணவர் சிலப்பதிகாரத்தின் ஒரு பகுதியைப் பாடநூலிற் படித்து, பரீட்சையில் விடை எழுதி, அத்துடன் விடுகின்றனர். கதை அவர்களுக்குத் தெரியும். ஆனால் அக்கதையில் ஒரு பக்கம் நின்று கயிறு பிடிக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை.

ஒரு கதையைக் கேட்டவர் தம் கருத்தைக் கூறும் வழி அற்றுப்போகுமாயின், கதை பொருட்காட்சிச் சாலையில் வைத்த சிலம்பு போல ஒலியின்றிக் கிடக்கும். ஆதலால், வாவிக்கரை ஊர்களிற் பாடசாலைகளை நடத்துவோரும் கோயில்களைப் பரிபாலிப்போரும் சேர்ந்து, பாடவல்ல பெரியோரை அழைத்து, சிறுவருக்கும் சிறுமியருக்கும் ஆண்டுக்கு ஒரு காதையாயினும் வாய்விட்டுப் பாடப் பயிற்றுதல் வேண்டும். பாடி முடிந்தபின், கண்ணகி கேட்டது நியாயமோ, பாண்டியன் எங்கே தவறினான், கோவலனுக்காகப் பேசுவார் உண்டோ என்று அவர்களையே வினவுதல் வேண்டும். அவர்கள் கூறும் விடை நமக்கு உவப்பாய் இருக்கவேண்டும் என்பதில்லை. வழக்குத் திரும்பவும் உரைக்கப்படுகின்றது என்பதே போதும். குளிர்ச்சி அதன் பின் வரும்.