எலிப்பொறியும் ஒரு சட்டமும்

தலைநகரில் குடியேறிய தமிழராகிய நாம் நினைவிற்கொள்ளத்தக்க வரலாறு ஒன்றுண்டு. 1952இல் ராஜ்ய சபையின் நியமன உறுப்பினரான ருக்மிணி தேவி அருண்டேல், பிராணி வதையைத் தடுக்கத் தனி மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அரசாங்கமே சட்டம் இயற்றுமென நேரு உறுதியளிக்கவே, அதனை மீட்டுக்கொண்டார். பிராணி வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் பிறந்தது. தேவையற்ற வேதனை குற்றமாயிற்று.

தானியத்தைக் காக்க எலியை ஒழிப்பது வேறு. பசையட்டையில் ஒட்டவைத்துப் பசியாலும் தாகத்தாலும் துடிக்கவிடுவது வேறு. அணிலும் குருவியுங்கூட அதிற் சிக்கி மடிகின்றன. 1962இல் அவர் தலைமையில் அமைந்த பிராணிகள் நல வாரியமே, 2011இலும் 2020இலும் அவ்வட்டைகளுக்கு எதிராகச் சுற்றறிக்கை விடுத்தது.

தில்லியில் ஒரு தமிழ்ப் பெண்மணி எழுப்பிய குரல், இன்று நம் சமையலறை மூலைவரை எட்டியிருக்கிறது. எலிக்கூண்டு இருக்க, பசையட்டை நமக்கு எதற்கு?