இருபது நிமிஷ சாப்பாடு

போன கோடையில் ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். 78 வயசு. அவரைக் கூட்டிக்கொண்டு லண்டனிலிருந்து பாத் நகருக்குக் காரில் கிளம்பினோம். நெடுஞ்சாலையைப் பிடித்திருந்தால் ரெண்டரை மணி நேரத்தில் போயிருக்கலாம். நமக்குத்தான் சரித்திரக் கிறுக்கு ஆச்சே! பழைய பாத் சாலை வழியாகப் போவது, நடுவில் ஒரு பழைய சத்திரத்தில் சாப்பிட்டுத் தங்குவது என்று திட்டம் போட்டேன். "உங்க சரித்திரம் எல்லாம் வயித்துக்கு ஆகுமா?" என்று தங்கமணி அப்பவே கேட்டாங்க. கேட்டிருக்கணும், கேக்கலை.

சத்திரத்தின் பேரும் ஊர் பேரும் வேண்டாம், விடுங்க. வாசலில் குதிரை வண்டி நுழையற அளவுக்கு உயரமான வளைவு, உள்ளே கல் பாவின முற்றம். அதைப் பார்த்ததும் அப்பாவுக்கு லெக்சர் ஆரம்பிச்சுட்டேன்.

1784 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஜான் பாமர் என்பவர் பிரிஸ்டலிலிருந்து பாத் வழியாக லண்டனுக்கு முதல் தபால் கோச்சை ஓட்டிக் காட்டினார். சாயந்திரம் 4 மணிக்குக் கிளம்பின வண்டி மறுநாள் காலை 8 மணிக்கு லண்டனில். 16 மணி நேரம். அதுவரைக்கும் அதே தபால் போய்ச் சேர 38 மணி நேரம் வரை ஆகும். பத்து மைலுக்கு ஒருதரம் குதிரையை மாத்தணும், அதனால் சாலை நெடுகச் சத்திரங்கள் கொழித்தன. சுங்கச் சாவடியில் தபால் கோச்சுக்குக் காசு கிடையாது, ஊதல் சத்தம் கேட்டதும் கதவைத் திறந்து வைக்கணும். காவலாள் கையில் பூட்டு போட்ட பெட்டிக்குள் ஒரு கடிகாரம், அவனே நினைச்சாலும் முள்ளைத் திருப்ப முடியாது. இத்தனை கூத்தும் 57 வருஷம்தான். 1841-ல் லண்டன்-பிரிஸ்டல் ரயில் முழுசா ஓட ஆரம்பித்ததும் சத்திரங்கள் ஈயாட ஆரம்பித்தன. லண்டன் சதர்க்கில் 1677-ல் கட்டின ஜார்ஜ் சத்திரம் இன்னும் நிக்குது, ஆனால் 1889-ல் ஒரு ரயில் கம்பெனியே அதன் பெரும்பகுதியை இடிச்சுப் போட்டது. மிச்சம் ஒரு பக்கம்தான்.

"சரிடா, பசிக்குது" என்றார் அப்பா.

மணி எட்டு பத்து. வழியில் நாலு மைல்கல்லை நிறுத்தி நிறுத்திப் படம் எடுத்தது நான்தான், அதனால் தாமதத்துக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது. மேஜைக்கு வந்த பையன், "எட்டரைக்கு அடுப்படி மூடிடுவோம், உங்களுக்கு இருபது நிமிஷம் இருக்கு" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஏன்னு சொல்றேன்.

அந்தக் காலத்து கோச் பயணிகளுக்கு வழியில் சாப்பிடக் கிடைத்ததும் ஏறக்குறைய இருபது நிமிஷம்தான். உறைஞ்சு போன கையோடு இறங்கி ஓடி வருவாங்க. சூப்பைக் கொதிக்கக் கொதிக்க வைப்பார்கள், வாயில் வைக்க முடியாது. ஆறறதுக்குள்ளே ஊதல் சத்தம். முழுக் காசையும் வாங்கிக்கிட்டு அரை வயித்தோடு அனுப்பறாங்கன்னு பயணிகள் புலம்பாத நாளில்லை. டிக்கன்ஸின் டேவிட் காப்பர்ஃபீல்டில் பள்ளிக்கூடத்துக்குத் தனியாப் போற சின்னப் பையனின் பீரையும் கறியையும் சத்திரத்துச் சர்வரே நைசாப் பேசித் தின்னு தீர்ப்பான். படிக்கும்போது சிரிப்பு, பையனை நினைச்சால் பாவம். ஆக, ஏமாத்தற சாப்பாடு இந்தச் சாலைக்குப் புதுசு இல்லை. சரித்திரம் வேணும்னு கேட்டேன், அசலாவே கிடைச்சுது.

நமக்கு வந்த சூப்பு கொதிக்கலை, அந்த ஒரு வித்தியாசம்தான். பச்சைத் தண்ணி மாதிரி இருந்தது. அன்னிக்கு வெள்ளிக்கிழமை, அப்பா கவுச்சி தொட மாட்டார். மரக்கறியில் இருந்தது ஒரே ஒரு காளான் சோறு. மேலே பாடை கட்டி, உள்ளே அரிசி நறுக்கு நறுக்குன்னு. தங்கமணி தட்டில் மீன் உள்பக்கம் பனிக்கட்டி. திருப்பி அனுப்பினால் "அடுப்படி மூடியாச்சு" என்று பதில். பில் மட்டும் சுடச்சுட வந்தது: 94 பவுண்டு. நான் எகிறப் போக, அப்பா கையைப் பிடிச்சு உக்கார வெச்சார்.

"ஒரத்தநாட்டுல நான் தங்கிப் படிச்சது தெரியுமில்ல?" என்றார்.

தெரியும். சரபோஜி மன்னர் முத்தாம்பாள் பேரில் கட்டின சத்திரம், பிற்காலத்தில் மாணவர் விடுதியும் பள்ளிக்கூடமுமாக இருந்தது. சேதுவுக்கு நடந்து போறவங்களுக்காக மராட்டிய மன்னர்கள் கட்டின சத்திரங்களில் ஒன்று. 1799-ல் தஞ்சாவூர் நிர்வாகம் கம்பெனி கைக்குப் போனது. 1801-ல் சரபோஜி ரெசிடெண்ட் பெஞ்சமின் டாரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களை மட்டும் என்கிட்டே விட்டுடுங்க என்று கேட்ட கடிதம். யார் வந்தாலும், எந்தச் சாதியானாலும் அங்கே சோறு உண்டு, கைக்குழந்தைக்குப் பால் உண்டு, நோயாளிக்கு வைத்தியர் உண்டு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார். நடுராத்திரி வரைக்கும் சாப்பாடு போட்டுவிட்டு ஒரு மணி அடிப்பார்களாம். இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வாங்க என்று கூவிக் கூப்பிடுவார்களாம். அந்தக் கடிதத்தைப் படித்த டாரினின் ஊரில், அதே வருஷம், பாத் சாலையில் எவனோ ஒருத்தன் சூப்பை ஊதிக்கிட்டு உக்காந்திருந்திருப்பான்!

இதை அப்பாவிடம் சொன்னேன். கடிதம் பற்றி அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நாங்க இருந்தப்ப ராத்திரி ரசம் தண்ணியாத்தான் இருக்கும். மணி எல்லாம் அடிச்சதில்லை. ஆனா சமையக்காரர் கடைசியா ஒருதரம் வாசலுக்கு வந்து எட்டிப் பாப்பாரு. ஏன்னு கேட்டதே இல்லைடா."

ரூமுக்குப் போய் பெட்டியைத் திறந்தால் அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கு பாதி இருந்தது. மூணு பேரும் கட்டிலில் உக்காந்து அதைத் தின்னோம். மணி பன்னிரண்டு இருக்கும். கீழே பாத்திரம் கழுவற பையன் தனியா முற்றத்தில் உக்காந்து சிகரெட் பிடிச்சுக்கிட்டு இருந்தான். அப்பா ஜன்னல் வழியாப் பார்த்துட்டு, "அவன் சாப்பிட்டானா தெரியலையே" என்றார்.